ஓட்டேரிக்கும் பெரியமேட்டுக்கும் நடுவில்

நல்லா ஓட்டினே, நல்லா ஓட்டினே என்று ஆளாளுக்கு வந்து முதுகில் தட்டியதுதான் தமயந்திக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாயைத் திறந்தாலே குறை சொல்கிற பயிற்சியாளர் வால்ட்டர், அந்த மனுஷனே இன்றைக்குப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் நின்று வண்டி தள்ளியும் திரும்பிப் பார்க்காத வெளிநாட்டுக்காரிகள் வந்து கைகுலுக்கினார்கள். எல்லாரும் சேர்ந்து தன்னைக் கிண்டல் பண்ணுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இப்போது லாரி மலையேறிக்கொண்டிருந்தது. பின்னால், ஐஸ் பாதையில் வழுக்கி ஓடுகிற அவர்களுடைய பாப்ஸ்லே வண்டி பட்டை போட்டுக் கட்டிக் கிடந்தது. முன்னால் டிரைவர், அவனுக்கு அடுத்து தமயந்தி, ஜன்னலோரம் எப்சிபா. கீழே முடிவுக்கோட்டில் ஏற்றிக்கொண்டு மேலே ஆரம்பக்கோட்டில் இறக்கிவிடுவான், இரண்டாவது ஓட்டத்துக்கு. இந்த லாரிப் பயணத்தில்தான் ஓட்டுகிறவள் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாதையையும் மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லா நாட்டுக்காரர்களும் செய்வதுதான். இல்லாத ஸ்டியரிங் கயிற்றை இரண்டு கையிலும் பிடித்து, இடது, வலது, கொஞ்சம் விடு, இழு என்று கை ஆடும், தலை சாயும், பார்ப்பவனுக்குப் பேய் பிடித்தது மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இது எப்சிபாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம். "எக்கா, எண்ணெ தடவுன மாரி வழுக்கிட்டுப் போச்சுல்லா. ஒரு இடத்துலகூட இடிக்கல. நான் குனிஞ்சிட்டே நெனச்சேன், அக்கா இன்னைக்கு வேற ஆளுன்னு." வேற ஆள்! தமயந்தி கண்ணைத் திறக்காமலே பல்லைக் கடித்தாள். சரியாகத்தான் சொல்கிறது சனியன். ஓட்டியது வேற ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

ஐ.சி.எஃப்.பிலிருந்து ஆரம்பி. அவளுக்கு எந்த ஊர்ப் பாதையும் இப்படித்தான் மனப்பாடம் ஆகும். இந்த ஊர்க்காரன் திருப்பத்துக்குத் திருப்பம் வாயில் நுழையாத பேர் வைத்திருக்கிறான், அதைப் படித்து யார் மாரடிப்பது. பிறந்து வளர்ந்த பஸ் ரூட்டைத் தூக்கிப் பனிப் பாதைமேல் போட்டுவிட்டாள். தள்ளி ஏறுகிற இடம் ஐ.சி.எஃப். முதல் வளைவு அயனாவரம் சிக்னல், லேசாக வலது, அவசரப்படாதே. அடுத்தது ஓட்டேரி, அங்கே ஒரு பள்ளம், உடம்பு மொத்தமும் கீழே அமுங்கும், கழுத்து தோளுக்குள் போய்விடும், அப்போது இடது கயிற்றை இழுத்துப் பிடித்து, பிடித்து, இப்போ விடு. விட்டால் புரசைவாக்கம் ஹைரோடு. அப்புறம் டவுட்டன், வேப்பேரி, பெரியமேடு, கடைசியில் சென்ட்ரல். சென்ட்ரல் வந்ததும் எப்சிபா பின்னாலிருந்து பிரேக்கைப் பிடித்து இழுப்பாள். அவ்வளவுதான், ஒரு நிமிஷத்து வேலை. கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். ஐ.சி.எஃப். அயனாவரம். ஓட்டேரி, அமுங்குகிறது, இழு, பிடி, விடு. பெரியமேடு. சே. மறுபடியும். அயனாவரம், ஓட்டேரி, இழு, பிடி, விடு. பெரியமேடு. புரசைவாக்கம் எங்கேடி? பேர் இருக்கிறது, பேர் எங்கே போகும், அந்தக் கடைத்தெருவில்தான் கல்யாணப் புடவையே எடுத்தாள். ஆனால் புரசைவாக்கத்தில் கை என்ன செய்யும், ஐஸ் எந்தப் பக்கம் ஏறும், கண்ணுக்கு முதலில் என்ன தெரியும், ஒன்றுமே வரவில்லை. நேற்று வந்தது. காலையில் பாதையோரம் நடந்து பார்த்தபோது வந்தது. ஓட்டத்துக்கு அப்புறம் போய்விட்டது. ஓட்டேரியில் கயிற்றை விட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் பெரியமேட்டில் மஞ்சள் விளம்பரப் பலகை. நடுவில் மூன்று திருப்பம், மணிக்கு நூற்று இருபது கிலோமீட்டர் வேகத்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்ணையும் உட்காரவைத்துக்கொண்டு, அவள் அங்கே இல்லவே இல்லை.

வண்டி நேராகத்தானே போச்சு? அதுவும் எப்படி, அவளுடைய வாழ்நாளிலேயே நல்ல ஓட்டம். இதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. சுத்தி இடித்துக்கொண்டு வந்திருந்தால் தலைவலி, தூக்கமில்லை என்று ஏதாவது சொல்லி ஒதுங்கலாம். ஒன்பது வருஷம் முழுசாகக் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டியபோது பதினெட்டாவது, இருபதாவது என்று வந்தாள். அவள் இல்லாமல் கை மட்டும் தனியாக ஓட்டினால் ஆறாவது! இன்னொரு ஓட்டம் இப்படியே வந்தால் ஒலிம்பிக்கில் இடம். இந்தக் கருமத்தை யாரிடம் சொல்லி அழுவது. கைக்குத் தெரியும் போலிருக்கு, கையே ஓட்டிக்கொள்ளும், நீ சும்மா இரு என்றது ஒரு மனசு. ஓட்டுமா? இன்னொரு தரமும் ஓட்டுமா? பெரியமேட்டில் முழிப்பு வராமல் போனால்? போன மாதம் வேறொரு ஊர்ப் பாதையில் கவிழ்ந்தபோது ஐஸில் ஹெல்மெட் தேய்ந்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது, அம்மியில் கல்லை இழுக்கிற மாதிரி. தலைகீழாகப் பாதி மலை வந்தார்கள். எப்சிபாவுக்குத் தோளில் ஐஸ் உரசிச் சூடு போட்ட மாதிரி காயம். நாசரேத்தில் இருக்கிற அம்மாவிடம் வீடியோவில் தோசைக்கல் பட்டுவிட்டது என்று கூசாமல் சொன்னாள். அந்த அம்மா, அந்த ஊர்ல தோசையெல்லாம் கிடைக்குதா என்று சந்தோஷப்பட்டது. தமயந்திக்கு வெளியில் ஒரு கீறலும் இல்லை. எழுந்து நின்றாள், கையை ஆட்டினாள், எல்லாரும் கைதட்டினார்கள்.

"எக்கா, தண்ணி குடிக்கியளா?" வேண்டாம். "வாழைப்பழம்?" வேண்டாம்டி. "காலைலயே கண்ணு செவந்து கெடந்துச்சு, டிராப்ஸ் விடட்டா?" "எப்சி, நான் ஓட்டிட்டிருக்கேன்." "ஓட்டுங்க ஓட்டுங்க, நான் பேசல." பேசவில்லை, பாலித்தீன் கவரைக் கசக்கினாள். அந்தச் சத்தம் தமயந்தியின் மண்டைக்குள் ஊசி ஊசியாக இறங்கியது. இப்போதெல்லாம் எந்தச் சத்தமும் அப்படித்தான், எந்த வெளிச்சமும் அப்படித்தான். முந்தாநாள் ரகுவிடம் வீடியோவில் பேசும்போது, எனக்கு அது சரியில்லைங்க, அது, ராத்திரி தலைக்கு வைப்பமே, அது என்று தடுமாறினாள். தலையணையா, என்றான் புருஷன். ஆமா அதான், என்றாள். உன் மூஞ்சியே சரியில்லையே தமா, டாக்டரப் பாத்தியா, என்றான். எல்லாம் பாத்தாச்சு, போன வைங்க என்று கத்திவிட்டாள். பாவம், அவன் என்ன பண்ணுவான். ஒன்பது வருஷமாகச் சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லியே அலுத்துப்போனவன். வண்டியில உக்காந்தா அதுவா கீழ போகும், இதுக்கு எதுக்குப் பயிற்சி என்று கேட்காத ஆள் கிடையாது. ஆபீஸில் அந்த சூப்பிரண்டு லீவு கேட்கும்போதெல்லாம், என்னம்மா, மறுபடியும் சறுக்கு மரமா, என்பார். பக்கத்து மேஜைக்காரிகள் சிரிப்பார்கள். மே மாத வெயிலில் ரயில்வே காலனி ரோட்டில் பழைய டிராலிச் சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாளே, நாய் எல்லாம் துரத்த, ஆட்டோக்காரன் ஆரன் அடிக்க, ஏறு ஏறு என்று அவளே கத்திக்கொண்டு தாவி ஏறினாளே, அதை இவர்களில் யார் பார்த்தார்கள். பார்த்தவர்களும் பைத்தியம் என்றுதான் நினைத்தார்கள். ஒலிம்பிக் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் இந்த வாயெல்லாம் அடைபடும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும்.

டாக்டரைப் பார்த்தாச்சு என்றது பொய் இல்லை. பார்த்தாள். பார்த்த லட்சணம்தான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சீசன் ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் ஒரு சோதனை வைப்பார்கள், மூளை நல்லா இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஐந்து வார்த்தை சொல்வார்கள், திருப்பிச் சொல்லணும். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லணும். ஒற்றைக் காலில் நிற்கணும். பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி அதே சோதனை, முன்னதைவிட மோசமாக இருந்தால் ஓட்ட விடமாட்டார்கள். இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டவள் எவளும் அந்த முதல் சோதனையை ஒழுங்காகச் செய்யமாட்டாள். வேணுமென்றே தடுமாறுவாள், வேணுமென்றே இரண்டு வார்த்தையை மறப்பாள். நாளைக்கு மண்டை உடைந்தாலும் இன்றைய மதிப்பெண்ணுக்குக் குறையாதே! தமயந்தியும் அப்படித்தான் செய்தாள், பெருமையாகச் செய்தாள். கவிழ்ந்த அன்று சாயங்காலம் எப்சிபாவை எதிரில் உட்காரவைத்து அந்த ஐந்து வார்த்தையை உருப்போட்டாள். வருஷா வருஷம் அதே வார்த்தைதான், டாக்டர்களுக்கு மாற்றத் தோன்றவில்லை. போர்வை, எலுமிச்சை, கதவு, குருவி, சட்டை. "குருவிய விட்டுட்டியளே அக்கா," என்று எப்சிபா விழுந்து விழுந்து சிரித்தாள். தமயந்தியும் சிரித்தாள். டாக்டர் சோதித்துவிட்டு, போன தடவையைவிட நன்றாகவே செய்கிறீர்கள், என்றார். அந்தம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள இவ்வளவு பாடுபட்டவள் உலகத்தில் வேறு எவளாவது இருப்பாளா என்று நினைத்தபோது தமயந்திக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மறுபடி. ஐ.சி.எஃப். அயனாவரம். ஓட்டேரி. இழு, பிடி, விடு. வா, புரசைவாக்கம், வந்து தொலை. வெள்ளையாக ஒரு சுவர், அவ்வளவுதான், இடமும் இல்லை வலமும் இல்லை. கண்ணைத் திறந்த பிறகும் கையை அந்தரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்தான். பாரு, நல்லாப் பாரு. லாரி ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியது, எப்சிபா அவள்மேல் சாய்ந்து நிமிர்ந்தாள். கனமான உடம்பு. பளு தூக்குகிற பெண்ணாக இருந்தவள். தமயந்திதான் ஒரு போட்டியில் பார்த்து, வர்றியா, ஐஸ்ல வண்டி தள்ளணும் என்று கூட்டிக்கொண்டு வந்தாள். என்னக்கா, உருளுமா கவுருமா என்று மட்டும் கேட்டாள், வந்துவிட்டாள். அவள் வேலை தள்ளுவது, தாவி ஏறுவது, முழங்காலுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொள்வது. தலையைத் தூக்கினால் காற்றில் வேகம் போய்விடும். அதனால் தூக்கமாட்டாள். பாதை முழுக்க அவள் பார்ப்பது வண்டியின் தரையையும் தன்னுடைய ஷூவையும்தான். முன்னால் இருக்கிறவள் பார்த்துக்கொள்வாள் என்று குனிந்திருப்பாள். முன்னால் யாரும் இல்லையே, எப்சி! இன்றைக்கு முன்னால் யாருமே இல்லையே! சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் பயந்துவிடுவாள், பயந்தால் நான் வரல என்பாள், அவளே வரல என்றால் தமயந்தி என்ன செய்ய முடியும், தள்ளுகிற ஆள் இல்லாமல் வண்டி போகுமா? ஊருக்கு அப்படியே சொல்லிக்கொள்ளலாம். நான் தயார்தான், அந்தப் பொண்ணு பயந்துடுச்சு. இப்படி ஒரு யோசனை வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

"எப்சி." "சொல்லுங்கக்கா." "நடுவுல மூணு திருப்பம் நான் ஓட்டினதே எனக்கு ஞாபகம் இல்லடி." பாலித்தீன் சத்தம் நின்றது. "ஓட்டேரி தாண்டினேன். அப்புறம் பெரியமேடுதான் தெரியும். நடுவுல நான் இல்ல. இப்ப கண்ண மூடிப் பாத்தாலும் வரல." எப்சிபா ஜன்னல் பக்கமிருந்து முழுசாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். இப்போது சொல்லு, வரல என்று சொல்லு, சொல்லித் தொலை, எனக்கு நிம்மதியாக இருக்கும். "எக்கா," என்றாள் எப்சிபா, குரலைத் தாழ்த்தி, தமிழ் தெரியாத டிரைவருக்கு என்னவோ கேட்டுவிடப்போகிற மாதிரி. "ஞாபகம் இல்லாட்டி என்னக்கா? ஓட்டுனியள்லா? நல்லாத்தான ஓட்டுனிய? அது சாமி ஓட்டுனதுன்னு வச்சுக்கிடுங்க." "சாமி ஓட்டுதா? லைசென்ஸ் இருக்கா சாமிக்கு?" "கோவப்படாதீங்கக்கா. நான் ஒண்ணு செய்யுதேன். பின்னால இருந்து திருப்பத்த எண்ணிச் சத்தம் குடுக்கேன். எனக்கு வயித்துலயே தெரியும், எங்க அழுத்துது, எங்க விடுதுன்னு." "நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்த திருப்பம் வந்துடும்டி, முண்டம்." "வரட்டும்." அவள் கண் கலங்கியிருந்தது. பயத்தில் இல்லை. "எக்கா, இத விட்டா எனக்கு இன்னொன்னு கெடையாதுக்கா. நான் வந்து மூணு வருசந்தான் ஆவுது, ஒங்களுக்கு ஒம்பது. ஒங்களுக்கே இது வேணும்லா? எனக்காகன்னு நெனச்சுக்கிடுங்க. கழுத்து போனா என் கழுத்துதான, நான் தாரேன்." தாரேனாம்! இலையில் வடை வைக்கிற மாதிரி சொல்கிறாள். தமயந்திக்குக் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று வந்தது. ஏண்டி, கொஞ்சமாவது பயப்படக் கூடாதா? இருபத்தி மூணு வயசில் பயப்படாத பெண்ணை எந்தக் கடவுள் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தான்? தன் தலையில் இருக்கிற பாரத்தைப் பாதியாவது இறக்கி வைக்கலாம் என்று பார்த்தால், மீதியையும் சேர்த்து ஏற்றிவிட்டாள். லாரி நின்றது.

இறக்கினார்கள், புரட்டினார்கள், கத்தி மாதிரி இருக்கும் நாலு எஃகுச் சட்டத்தையும் துணியால் துடைத்தார்கள். தமயந்தி குதித்தாள், ஓடினாள், தோளைச் சுழற்றினாள், உடம்பு சூடேறியது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. உடம்பு தயார். போகலாம் என்றே முடிவு பண்ணினாள். அவளே கேட்கிறாள், அவளுடைய கழுத்து, அவளுடைய ஆசை, நான் எதற்கு நடுவில்? முன்னால் ஒரு வண்டி போனது. ஒலிபெருக்கியில் அவர்கள் நாட்டின் பேர், அவள் பேர், எப்சிபாவின் பேர், மூன்றையும் கொலை பண்ணினான். ஆரம்பக்கோட்டில் வண்டியை வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. எரிந்ததிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் கிளம்ப வேண்டும், எண்கள் பலகையில் ஓட ஆரம்பித்தன. எப்சிபா பின்னால் கைப்பிடியைப் பற்றிக் குனிந்தாள். பழக்க தோஷம், தமயந்தி ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் ஹெல்மெட்டுக்கும் உடுப்புக்கும் நடுவில் ஒரு விரல்கடை அகலத்துக்குக் கழுத்து தெரியக் குனிந்திருந்தாள். கறுப்பாக, பூனைமுடியோடு, குளிரில் மயிர்க்கூச்செறிந்து. அவ்வளவுதான் தெரிந்தது. "ரெடியாக்கா?" என்று தரையைப் பார்த்துக் கத்தினாள். ரெடி என்று சொல்ல வேண்டும். அயனாவரம், ஓட்டேரி, வெள்ளைச் சுவர். ரெடி. சொல்லேண்டி. "அக்கா! ரெடியா!" எப்சிபா வண்டியைப் பின்னுக்கு ஒருமுறை ஆட்டி முன்னுக்குத் தள்ள வந்தாள். தமயந்தி தன் பக்கத்துத் தள்ளுகம்பியைப் பிடித்துக் காலை ஐஸில் ஊன்றி இழுத்து நிறுத்தினாள். ஷூவின் ஆணிகள் கிறீச்சிட்டன. "தள்ளுங்கக்கா! டைம் போவுது! அக்கா, ஒங்கள கையெடுத்துக் கும்பிடுதேன், தள்ளுங்க!" தள்ளவில்லை. பலகையில் எண்கள் ஒன்றொன்றாக உதிர்ந்தன. ஒன்பது வருஷமும் கூடவே உதிர்வதைக் கையைக் கட்டாமல், கம்பியை விடாமல், நின்று பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

எப்சிபா அப்படியே வண்டிமேல் கவிழ்ந்து விசும்பினாள். ஆரஞ்சுச் சட்டை போட்ட அதிகாரி ஓடி வந்தான். என்ன ஆச்சு, வண்டியில் கோளாறா என்று ஆங்கிலத்தில் கேட்டான். எப்சிபா சட்டென்று நிமிர்ந்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தமயந்தியின் காதோரம் வந்தாள். "ஆமான்னு சொல்லுங்கக்கா. ஸ்டியரிங் கயிறு மாட்டிக்கிட்டுன்னு சொல்லிருங்க. வண்டிக் கோளாறுன்னா அடுத்த வாரம் ஓட விடுவான். அதுக்குள்ள ஒங்களுக்கு சரியாயிரும். வேற எதுவும் சொல்லிராதீங்க, ஒங்கள வெளிய அனுப்பிருவானுவ." புத்திசாலிப் பெண். எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு ஊர், இன்னொரு மலை, மறுபடியும் அந்தப் பூனைமுடிக் கழுத்து. தமயந்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். குளிர் காதில் அறைந்தது. "ஹெட்," என்றாள். ஒலிபெருக்கி அடுத்த நாட்டுக்காரியின் பேரைக் கத்திக்கொண்டிருந்தது. அதிகாரி, என்ன, என்று குனிந்து காதைக் காட்டினான். "மை ஹெட்." அவன் வண்டியின் மூக்கைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். தமயந்திக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. உண்மையைச் சொல்வதற்குக்கூடவா இந்த உலகத்தில் இத்தனை தடவை கத்த வேண்டும்! அவன் கையைப் பிடித்து இழுத்து, உறை போட்ட அந்த விரல்களைத் தன் நெற்றிமேலேயே அழுத்தினாள்.

"தலைய்யா, தலை! என் தலைதான் கோளாறு. எழுதிக்கோ."